மூடி திறக்காத போத்தல்

பிரெஞ்சுத் தலைநகரின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் பெண் கொடுக்கவோ மாப்பிள்ளை எடுக்கவோ நினைக்கிறவர்கள் முதலில் போய் நிற்கிற இடம் கோயில் இல்லை, சாத்திரியார் வீடும் இல்லை. ரூ து ஃபொபூர் சேன்-தெனி தெருவின் மேல் முனையில், கடை வாசலில் முருங்கைக்காயையும் வல்லாரையையும் பெட்டி பெட்டியாக அடுக்கிக்கொண்டிருக்கும் றெமிஜியஸிடம்தான் போய் நிற்பார்கள். அவர் முதலாளி இல்லை. மரக்கறிப் பகுதிக்குப் பொறுப்பானவர், அவ்வளவுதான். ஆனால் ஒரே வாசலில் கால் நூற்றாண்டு நின்ற மனிதருக்கு யார் வீட்டில் இன்றைக்கு என்ன கறி என்பதே தெரியும். யார் யாருக்கு என்ன உறவு என்பது தெரியாமல் போகுமா?

"றெமி அண்ணை, திரான்சியிலை ஒரு பெடியன் பொருந்தி வருது. ஆற்றை மகன் எண்டு தெரியுமோ?"

"ஓம், தெரியும். நல்ல பெடியன். தாய்க்குச் சலரோகம், அவன்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு திரியிறான். குடி வெறி இல்லை. யோசிக்காமல் செய்யுங்கோ."

இவ்வளவும் கேட்டு மனம் நிறைந்த பிறகும் வந்தவர் போகமாட்டார். கத்தரிக்காயை அமத்திப் பார்ப்பதுபோல் குனிந்து, குரலைத் தாழ்த்தி, "மற்றது… என்ன ஆக்கள்?" என்பார். என்ன ஆக்கள் என்றால் என்ன சாதி என்று அர்த்தம். யாழ்ப்பாணத்தான் கடல் கடந்து வந்தும் கைவிடாமல் காவி வந்த கேள்வி அது. அதற்கு றெமிஜியஸிடம் எப்போதும் ஒரே மறுமொழிதான்.

"நல்ல ஆக்கள். வல்லாரை இண்டைக்குத்தான் வந்திறங்கினது, ஒரு பிடி எடுங்கோவன்."

திருப்பிக் கேட்டால் அவருக்குக் காது கேட்காது. மூன்றாம் தரமும் கேட்டால் கோபம் வரும். கோபத்தில் தராசுத் தட்டில் மரக்கறி கொஞ்சம் பலமாகவே விழும். அந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டுத்தான் ஊர் அவருடைய தகப்பன் மடுத்தீனை ஒவ்வொரு படலைக்கு வெளியிலும் நிறுத்தி வைத்திருந்தது. அதை அவர் யாருக்கும் சொன்னதில்லை.

அப்படிப்பட்ட மனிதரின் வீட்டிலும் ஒரு நாள் கலியாணக் கதை வந்தது. ஒரே மகள் அனுஜா, பள்ளிக்கூடமொன்றில் கணக்குப் படிப்பிக்கிறவள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, தாய் மேரிறோஸ் ஆட்டிறைச்சிக் கறியை அடுப்பில் ஏற்றிக்கொண்டிருந்த நேரத்தில், சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

"யூலியன் எண்டு ஒராள். என்ரை பள்ளிக்கூடத்திலைதான் வேலை. அவரைத்தான் நான் செய்யப் போறன்."

யாருடைய மகன் என்று றெமிஜியஸின் வாய் பழக்கதோஷத்தில் கேட்டது: "ஆற்றை மகன்?"

அவள் விபரம் சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. சேன்-தெமிலியோன் என்ற ஊரில் வைன் செய்கிற ஒரு வெள்ளைக்காரனின் மகனைப் பற்றி அவர் எந்தக் கடை வாசலில் போய் நின்று விசாரிப்பது? ஊருக்கெல்லாம் சாத்திரம் சொன்ன பல்லி தான் கூழ்ப்பானைக்குள் விழுந்ததாம். அந்தப் பல்லியின் நிலைதான் அவருக்கும்.

வெள்ளைக்காரன் என்பதற்காக அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. பயம் வேறு. "நாளைக்கு ஒரு பிரச்சினை எண்டால் ஆரிட்டைப் போய்க் கேக்கிறது மேரி? எங்கடை ஆக்கள் எண்டால் தாய் தேப்பன், சித்தப்பன், பெரியப்பன், ஒருத்தன் இல்லாட்டி ஒருத்தன் வந்து மறுமொழி சொல்லுவான். இவங்களிட்டை வேரும் தெரியாது, கொப்பும் தெரியாது." மேரிறோஸ் கறியைக் கிளறிக்கொண்டே, "அப்ப போய்ப் பாருங்கோவன்," என்றாள்.

அனுஜாவும் தன் பக்கத்தைச் சொல்லி வைத்தாள். வழக்கமாகப் பிரெஞ்சில் பதில் சொல்கிறவள், அன்றைக்கு ஒவ்வொரு சொல்லாகத் தமிழில் தேடியெடுத்துச் சொன்னாள். "நீங்கள் ஓம் எண்டு சொல்லாமல் நான் கலியாண எழுத்துக்குப் போக மாட்டன் அப்பா. ஆனா இல்லை எண்டு சொன்னா, பிறகு வேறை ஒருத்தரையும் எனக்குக் கொண்டு வராதேங்கோ." சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டாள். மகள் சண்டை பிடித்திருந்தால் றெமிஜியஸும் பதிலுக்குச் சண்டை பிடித்திருப்பார். அமைதியாக அறைக்குள் போனவளோடு எப்படிச் சண்டை பிடிப்பது?

யூலியனின் தாய் தகப்பன் ஒரு சனிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்தார்கள். மேரிறோஸ் இரண்டு நாள் நின்று பயித்தம் உருண்டையும் சிப்பிப் பலகாரமும் செய்து டின்னில் அடைத்தாள். சம்பந்தி அம்மாவுக்கு ஒரு சேலை, ஒரு சீப்பு வாழைப்பழம். வெறுங்கையோடு போகிற வழக்கம் எங்கள் ஆட்களிடம் இல்லை. மொன்பர்னாஸ் நிலையத்தில் ரெயில் வெளிக்கிட்டதும் றெமிஜியஸ் தொண்டையைச் செருமிக்கொண்டு சட்டத்தை வாசித்தார்.

"ஒண்டு சொல்லிப்போட்டன். நான் முடிவு சொல்லுமட்டும் அங்கை ஒருத்தரும் கை நனைக்கிறேல்லை."

சம்பந்தம் பேசப் போகிற வீட்டில், பேச்சு முடிவாகாமல் சாப்பிடக் கூடாது, தண்ணீரும் குடிக்கக் கூடாது. இரண்டு பக்கமும் ஓம் என்ற பிறகுதான் கை நனைப்பார்கள். அது வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதுதான் மரியாதை. பிடிக்காவிட்டால் கடமைப்படாமல் எழும்பி வர அதுதான் வழியும்கூட. றெமிஜியஸுக்கு இரண்டாவது காரணமே பெரிதாக இருந்தது.

"அப்பா, அவையள் வைன் செய்யிற ஆக்கள்," என்றாள் அனுஜா. "வீட்டுக்கு வந்த ஆள் ஒரு மிடறும் குடிக்காமல் இருந்தா என்ன நினைப்பினம்?"

"வழக்கம் எண்டால் வழக்கம்தான்."

அவள் யன்னல் பக்கம் திரும்பிப் பிரெஞ்சில் ஏதோ முணுமுணுத்தாள். அவருக்கு அது நன்றாக விளங்கியது. விளங்காத மாதிரி இருந்துகொண்டார்.

லிபூர்ன் நிலையத்தில் யூலியன் காரோடு நின்றான். நெட்டைப் பெடியன். மேரிறோஸின் பையை ஓடி வந்து வாங்கினான்; றெமிஜியஸைப் பார்த்ததும் வார்த்தை தடுமாறியது. கார் ஊரை நெருங்க நெருங்க இரண்டு பக்கமும் முந்திரிகைத் திராட்சைக் கொடிதான். ஒரு முழம் நிலம்கூடச் சும்மா கிடக்கவில்லை. வீட்டுச் சுவர்வரை, கோயில் மதில்வரை, சவக்காலை வாசல்வரை கொடி. வரிசை பிசகாமல், ஒவ்வொரு கொடியும் ஆள் நின்று தலைவாரி விட்டதுபோல் நின்றது. மரக்கறியோடு வாழ்ந்த மனிதர் அல்லவா, றெமிஜியஸ் கண்ணாடியோடு மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தார். பிறகு குன்றின்மேல் ஊர் தெரிந்தது. தேன் நிறத்துக் கல்லில் வீடுகள், அவற்றுக்கு நடுவே வானத்தைக் குத்திக்கொண்டு ஒரு மணிக்கூண்டு. "கடவுளே," என்றாள் மேரிறோஸ் மெதுவாக.

வீடு குன்றின் அடிவாரத்தில் இருந்தது. தகப்பன் கிரிகோரி அகன்ற தோளும் வெடித்த விரல்களும் கொண்ட மனிதர். றெமிஜியஸின் பெயரைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. "ரெமியா! எங்கள் அரசனுக்கே ஞானஸ்நானம் கொடுத்த புனிதரின் பெயர் அல்லவா!" என்று பிரெஞ்சில் சொல்லி இரண்டு கையாலும் கையைப் பிடித்துக்கொண்டார். றெமிஜியஸுக்கு உள்ளூரப் புளுகம், ஒரே சந்தோசம். ஆனால் முகத்தை இறுக்கமாகவே வைத்துக்கொண்டார். முடிவு சொல்ல வந்தவர் பல்லைக் காட்டலாமா?

தாய் மர்கரீத் மெலிந்த, சுறுசுறுப்பான பெண். மேசையில் பாண், பன்றி இறைச்சி, நாலு வகைச் சீஸ். காலையிலேயே திறந்து வைத்த வைன் போத்தல். அடுப்புக்குள் தாரா வாத்து இறைச்சி வெந்துகொண்டிருந்த வாசம் வீடு முழுக்க நிறைந்திருந்தது. மேரிறோஸ் கொடுத்த டின்னை அவள் அந்த இடத்திலேயே திறந்து, ஒரு பயித்தம் உருண்டையை வாயில் போட்டுக் கண்ணை மூடினாள். "இதில் என்ன போட்டிருக்கிறீர்கள்?" என்று கேட்டு இன்னொன்றும் எடுத்தாள். அவர்கள் கை நனைத்துவிட்டார்கள். எந்தக் கேள்வியும் இல்லாமல், வந்த உடனேயே.

கிரிகோரி வைனை ஊற்றி நீட்டினார். றெமிஜியஸ் நெஞ்சில் கை வைத்துத் தலையை ஆட்டினார்.

"வயிறு சரியில்லை."

"உங்களுக்கு, மடாம்?"

மேரிறோஸ் சீஸ் தட்டைப் பிரியாவிடை சொல்வதுபோல் ஒரு தரம் பார்த்தாள். "எனக்கும் வயிறுதான்," என்றாள்.

மர்கரீத் பதறிப்போனாள். மூலிகைத் தேநீர் போடவா என்று கேட்டாள். வேண்டாம். கொஞ்சம் சூப்? வேண்டாம். கூசாவில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றப் போனாள். றெமிஜியஸ் கிளாசின் வாயைக் கையால் மூடினார். அனுஜா நிலத்தைப் பார்த்தாள். கடைசியில் மர்கரீத் உள்ளே போய், பயணத்துக்கென்று வாங்கி வைத்திருந்த சின்னத் தண்ணீர்ப் போத்தல் இரண்டை எடுத்து வந்தாள். மூடி முறியாத போத்தல்கள். றெமிஜியஸ் மனதுக்குள் கணக்குப் பார்த்தார். இவர்கள் அடுப்பில் வெந்ததில்லை, இவர்கள் பாத்திரத்தில் ஊற்றியதில்லை, ஆகவே கை நனைத்ததாகாது. மூடியைத் திருகி, பக்கத்தில் வைத்த கிளாசைத் தொடாமல், அண்ணாந்து குடித்தார். எவ்வளவு நல்ல யுக்தி என்று தன்னைத் தானே மெச்சியும் கொண்டார். மர்கரீத் அவர் குடிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் சிரிப்பு இருந்தது, ஆனால் முன்னைய சிரிப்பு இல்லை.

"நடந்தால் வயிறு சரியாகும்," என்றார் கிரிகோரி. "வாருங்கள், சாப்பாட்டுக்கு முன்னம் ஊரைக் காட்டுகிறேன்."

முதலில் எல்லாருமாகக் கோயிலுக்குப் போனார்கள். ஊரின் நடுவில் ஒரு சின்னச் சதுக்கம். அதன் ஒரு பக்கம் செங்குத்தான பாறை. பாறையில் ஒரு கதவு. வழிகாட்டிப் பெண் திறப்பைப் போட்டுத் திறந்ததும் குளிர்காற்று முகத்தில் அடித்தது. உள்ளே போன றெமிஜியஸ் இரண்டு அடி வைத்து அப்படியே நின்றுவிட்டார்.

கோயில்தான். ஆனால் கோபுரத்தளவு உயரமான கோயில், மலையின் வயிற்றுக்குள். ஆள் கட்டிப்பிடிக்க முடியாத தூண்கள் வரிசையாக இருட்டுக்குள் ஏறிப்போய் எங்கேயோ வளைந்து சேர்ந்தன. கல்லுக்குக் கல் பொருத்து எங்கே என்று தேடினார். பொருத்தே இல்லை.

"இதை ஆர் கட்டினது?" என்று கிரிகோரியிடம் தெரிந்த பிரெஞ்சில் கிசுகிசுத்தார்.

"யாரும் கட்டவில்லை. வெட்டினார்கள். ஒரே பாறை இது. கோயில் இல்லாத இடத்தை எல்லாம் வெட்டி எடுத்தார்கள், மிச்சம்தான் கோயில். ஆயிரம் வருடத்துக்குக் கொஞ்சம் குறைவு."

றெமிஜியஸ் அதை மனதுக்குள் இரண்டு மூன்று தரம் திருப்பிப் பார்த்தார். கீழேயிருந்து கல் அடுக்கி மேலே போவதுதான் கட்டுவது. பிழைத்தால் இடித்துப்போட்டு இன்னொரு கல் வைக்கலாம். இங்கே ஒரு உளி பிசகினால் பிசகினதுதான். தூண் ஒன்றை மெல்லிசாக வெட்டிவிட்டால் மலையே தலையில் இறங்கும். இதைத் தொடங்கியவன் முடிவைப் பார்த்திருக்கவே மாட்டான். அவன் பேரன்கூடப் பார்த்திருப்பானோ தெரியாது. அப்படியும் தொடங்கியிருக்கிறான். றெமிஜியஸுக்கு உடம்பு முழுக்கப் புல்லரித்தது. என்னவென்று சொல்லத் தெரியாமல் ஈர நிலத்தில் முழந்தாள் போட்டுவிட்டார்.

"அந்த மணிக்கூண்டு எங்கை?" என்று மேரிறோஸ் கேட்டாள். நேரே எங்கள் தலைக்கு மேலே என்று யூலியன் விரலை உயர்த்திக் காட்டினான். அவள் மேலே பார்த்தாள், தூண்களைச் சுற்றிப் போட்டிருந்த இரும்புப் பட்டிகளைப் பார்த்தாள், உடனே செபமாலையை வெளியே எடுத்தாள். வழிகாட்டிப் பெண் வருடக் கணக்குச் சொல்வதை நிறுத்திவிட்டு, அவள் செபமாலையில் பத்து மணி உருட்டி முடிக்கும்வரை காத்து நின்றாள்.

வெளியே வந்ததும் மற்றவர்கள் சாப்பாட்டைக் கவனிக்க வீட்டுக்குத் திரும்பினார்கள். கிரிகோரி றெமிஜியஸை மட்டும் மேட்டுக்குக் கூட்டிப்போனார். மேட்டில் மண் விரலாழம்கூட இல்லை. சில இடங்களில் வெறும் பாறைதான். அந்தப் பாறையில் நீளநீளமாக வாய்க்கால்கள் வெட்டப்பட்டிருந்தன, ஒன்றுக்கொன்று சமாந்தரமாக.

"ரோமர்கள் என்று என் அப்பா சொன்னார்," என்றார் கிரிகோரி. "படித்தவர்கள் சிலர் ஓம் என்கிறார்கள், சிலர் பிறகு வந்தது என்கிறார்கள். எப்படியோ, மண் இல்லாத இடத்தில் கல்லை வெட்டி, மண்ணைச் சுமந்து வந்து போட்டு, கொடி நட்டிருக்கிறார்கள். கை வைத்துப் பாருங்கள்."

றெமிஜியஸ் குந்தியிருந்து வாய்க்காலுக்குள் கையை விட்டார். உளி பட்ட வடு விரலில் தட்டுப்பட்டது. வெட்டியவன் இப்போதுதான் எழும்பி வெத்திலை போடப் போனான் என்பதுபோல் வடு கூராகவே இருந்தது. கல்லை உடைத்து மண் நிரப்பித் தோட்டம் செய்கிற பாடு சுண்ணாம்புக்கல் நிலமான யாழ்ப்பாணத்தில் பிறந்த அவருக்குத் தெரியும். அதனால்தான் அவருக்கு இன்னும் பிரமிப்பாக இருந்தது. இத்தனை அரசும் சண்டையும் வந்து போய், இந்தக் கொடி மட்டும் விட்டுப்போகாமல், ஒருவன் கையிலிருந்து இன்னொருவன் கைக்கு வந்துகொண்டே இருக்கிறது.

பசியும் சும்மா இருக்கவில்லை. ரெயிலேற முன் குடித்த தேத்தண்ணியோடு நிற்கிற வயிறு அது. ஆனால் பசியைத் தாண்டி இன்னொன்று அவருக்குள் குதித்துக்கொண்டிருந்தது. வேர் தெரியாது, கொப்புத் தெரியாது என்றாரே, பார், எப்பேர்ப்பட்ட வேர்! ரோமர் காலத்து ஆட்கள் அல்லவா. நாளைக்குக் கடை வாசலில் ஒருவன் கேட்கட்டும், ஆற்றை மகன் என்று. 'ஓம்' தொண்டைக்குழிவரை வந்துவிட்டது. வாய் திறக்க முன் ஒன்றை மட்டும் உறுதிப்படுத்திக்கொள்ள நினைத்தார்.

"அப்ப உங்கடை பரம்பரை அந்தக் காலம் தொட்டு இஞ்சைதானோ?" என்று அதே பிரெஞ்சில் கேட்டார்.

கிரிகோரி பலமாகச் சிரித்தார். "நாங்களா? வாருங்கள், எங்கள் பரம்பரையைக் காட்டுகிறேன்."

கொடிகளுக்கு நடுவே ஒற்றைச் சுவர் ஒன்று வானளவு நின்றது. வெறும் சுவர். பழைய மடம் ஒன்றின் மிச்சம். மற்றப் பக்கமெல்லாம் ஏதோ ஒரு நூற்றாண்டின் சண்டையில் போய்விட்டது. உயரத்தில் வளைந்த யன்னல் ஓட்டைகள், அவற்றுக்குள்ளால் நீல வானம். தாங்க ஒன்றும் இல்லாமல் இத்தனை காலம் எப்படி நின்றது என்று றெமிஜியஸ் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். கிரிகோரி சுவரின் அடியில் ஒரு கல்லைக் கையால் தட்டிக் காட்டினார்.

"என் அப்பா ஸ்பெயினிலிருந்து ஓடி வந்தவர். சண்டை. பனிக்குள்ளால் மலையை நடந்து கடந்து வந்தார், காலில் சரியான சப்பாத்தும் இல்லை. கொஞ்சக் காலம் முகாமில் வைத்திருந்து, பிறகு இந்தப் பக்கம் முந்திரிகை வெட்ட அனுப்பினார்கள். அவரை வேலைக்கு எடுத்த தோட்டச் சொந்தக்காரர் கெட்டவர் இல்லை, சாப்பாடு வயிறார வரும். ஆனால் இங்கே வரும். அந்த வீட்டு மேசை ஸ்பானியர்களுக்கு இல்லை. இந்தக் கல்லில் இருந்து, சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார். சாப்பாடு நல்லது, ஆனால் சுவர் உப்பு எடுத்துத் தராது என்று சொல்லுவார். எங்கள் நிலம் சின்னது. கடைசிக் காலத்தில்தான் அதையும் வாங்கினார்."

கூலிக்கு வந்த ஆக்களோ.

றெமிஜியஸ் அதை வாயால் சொல்லவில்லை. ஆனால் மனம் சொல்லிவிட்டது, அவரைக் கேட்காமலே. தொண்டையில் நின்ற 'ஓம்' ஒரு படி கீழே இறங்கியதையும் அவர் உணர்ந்தார். உடனே காது மடல் சுட்டது. என்ன ஆக்கள்? இத்தனை வருடம் கடை வாசலில் எத்தனை பேருக்குச் செவிடன்போல் நின்றவர் அவர். அதே கேள்வி இப்போது அவருக்குள்ளேயே குனிந்து, கத்தரிக்காயை அமத்திப் பார்த்துக்கொண்டு நின்றது. அவருக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

திரும்பி நடக்கும்போது கிரிகோரி தயங்கித் தயங்கிச் சொன்னார். "மர்கரீத் நேற்றுக் காலையிலிருந்து சமைக்கிறாள். உங்களுக்கு எங்களைப் பிடிக்கவில்லையோ என்று பயப்படுகிறாள். இதை உங்களிடம் சொன்னேன் என்று அவளிடம் சொல்லிவிடாதீர்கள்."

றெமிஜியஸ் தலையாட்டிவிட்டு நடையைக் கூட்டினார்.

வீட்டில் மேசை விரித்திருந்தது. தாரா இறைச்சி நடுவில் ஆவி பறக்க இருந்தது. எல்லாருக்கும் சாப்பாட்டுக் கோப்பை வைத்திருந்த மர்கரீத், றெமிஜியஸும் மேரிறோஸும் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் வைக்கவில்லை. வயிறு சரியில்லாத வருத்தக்காரரை வற்புறுத்தக் கூடாது என்று நினைத்தாள்போலும். அவர்கள் சும்மா இருக்கவும் கூடாது அல்லவா. அதனால் அந்த இரண்டு இடத்திலும் ஒவ்வொரு சின்னத் தட்டம், தட்டத்தில் வெள்ளைத் துணி, துணியின்மேல் மூடி முறியாத தண்ணீர்ப் போத்தல் ஒன்று, பக்கத்தில் துடைத்துக் கவிழ்த்து வைத்த கிளாஸ்.

"இதுதான் உங்களுக்கு ஒத்துவருகிறது," என்றாள். "குளிராக வைத்திருக்கிறேன்."

றெமிஜியஸ் அந்தக் கவிழ்த்த கிளாசையே பார்த்தார்.

ஊரில், கிராம அதிகாரியான விதானையார் தங்கள் வீட்டுக்கு ஏதாவது அலுவலாக வருகிற நாளில் றெமிஜியஸின் அம்மாவும் இப்படித்தான் வைப்பா. கடைக்கு ஆள் ஓடும், சோடா வாங்க. உடைக்காத சோடா. அதை உடைக்கிற கருவியும் பக்கத்தில் இருக்கும். விதானையார் தன் கையால் உடைத்து, போத்தலோடு அண்ணாந்து குடிப்பார். தங்கள் வீட்டில் வேறு எதையும் அவர் தொடமாட்டார் என்று அம்மாவுக்குத் தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு தரமும் ஒரு கிளாசைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, துடைத்து, தட்டத்தில் கவிழ்த்து வைப்பா. ஒரு நாளைக்காவது நிமிர்த்துவார் என்று நினைத்தாவோ என்னவோ. அவர் போன பிறகு, ஒருவரும் வாய் வைக்காத அந்தக் கிளாசை அம்மா திரும்பவும் கழுவுவா. அப்போது அவ முகத்தில் இருந்ததுதான் இப்போது மர்கரீத்தின் முகத்தில் இருந்தது.

காலையில் இந்தக் கையால் மூடியைத் திருகி, எவ்வளவு நல்ல யுக்தி என்று தன்னை மெச்சிக்கொண்டது நினைவுக்கு வந்தது. விதானையார் குடித்த மாதிரியே, ஒரு துளி பிசகாமல், அண்ணாந்து.

அவர் உட்கார்ந்தார். கிளாசை எடுத்து நிமிர்த்தினார். போத்தலைத் தட்டத்தோடு மேசை ஓரத்துக்குத் தள்ளினார்.

"மடாம்," என்றார் தன்னுடைய சந்தைப் பிரெஞ்சில், "இது வேண்டாம். உங்கள் குசினிக் குழாய்த் தண்ணீர் தாருங்கள். உங்கள் கையால்."

மர்கரீத் ஒன்றும் விளங்காமல் கணவனைப் பார்த்தாள். பிறகு கூசாவைத் தூக்கி, கிளாசை நிரப்பினாள். றெமிஜியஸ் இரண்டு கையாலும் அதைப் பிடித்து, உதட்டில் வைத்து, கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

"எனக்குப் பசிக்கிறது," என்றார். "காலையிலிருந்து பசிக்கிறது. வயிற்றுக்கு ஒன்றும் இல்லை. பொய் சொன்னேன்."

"எனக்கும்தான்," என்ற மேரிறோஸின் கை அதற்குள் பாண் கூடைக்குள் போய்விட்டது.

அனுஜா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. யூலியன் பதறி எழும்பி அவள் பக்கம் போனான். "என்ன நடந்தது? இதற்கு என்ன அர்த்தம்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டான். அவள் தலையை மட்டும் மேலும் கீழுமாக ஆட்டினாள்.

மர்கரீத் கூசாவைப் பிடித்தபடி பயந்துபோய் நின்றாள். ஒரு கிளாஸ் தண்ணீருக்கு ஏன் இந்தப் பிள்ளை அழுகிறாள் என்று அவளுக்கு விளங்கவில்லை.

"தண்ணீர் சரியில்லையா?" என்று கேட்டாள்.

றெமிஜியஸ் வெறும் கிளாசை அவளிடம் நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம்," என்றார்.